கூலிக்கும் பால் உண்டோ?

போர் மூண்டால் பெண்ணின் கரத்துக்குப் பெருமை பிறக்கிறது. போர் முடிந்தால் அதே கரத்திலே மீண்டும் கரண்டி திணிக்கப்படுகிறது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்து கண்ட காட்சி இது. ஆடவர் போர்முனை சென்றனர்; மாதர் வெடிகுண்டு செய்தனர், இயந்திரம் இயக்கினர், டிராம் வண்டியிலே சீட்டுக் கொடுத்தனர். வேலை ஆடவன் செய்த வேலை; கூலி மட்டும் பெண்ணுக்கென்று குறைத்த கூலி!

இந்த அநீதியை ஆட்சியாளர் முகத்துக்கு நேரே எடுத்துரைத்த நூல், பியாட்ரிஸ் வெப் 1919-இல் வெளியிட்ட 'ஆண் பெண் ஊதியம்: சமமாக இருத்தல் வேண்டுமா?' என்பது. போர்க்கால அமைச்சரவை நியமித்த குழுவில் அமர்ந்து, பெரும்பான்மையோருடன் இசைய மறுத்து, தனித்து நின்று தந்த அறிக்கை அது.

யார் இவர்? செல்வர் வீட்டுப் பெண். ஆயினும் 1888-இல் இலண்டனின் கிழக்குப் பகுதித் தையற் கூடங்களிலே, தம்மை மறைத்துக் கொண்டு காற்சட்டை தைத்து, உழைப்பாளர் நிலையை நேரிற் கண்டவர். 'கூட்டுப் பேரம்' என்ற சொற்றொடரையே 1891-இல் தொழிலுலகுக்குத் தந்தவர்.

பெண்களைச் சேர்ப்பதால் ஒரு வேலைக்குரிய வழக்கமான கூலி குறையாது என்று 1915-இல் தொழிற்சங்கங்களுக்கு வாக்களித்தது அரசு. உருப்படிக் கூலியிலே அதனை ஏற்றவர்கள், நேரக் கூலியிலே நழுவினர். வாக்குத் தவறியது அரசே என்று, அரசு அமைத்த குழுவிலிருந்தே சாற்றினார் வெப். 1918 ஆகஸ்டில் இலண்டன் பஸ், டிராம் பெண் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்துதான் ஆடவருக்குத் தந்த போர்க்காலப் படியைப் பெற முடிந்தது என்பதை எண்ணுங்கள்; அவர் சினத்தின் நியாயம் விளங்கும்.

"ஆண் குடும்பத்தைக் காப்பவன் ஆயிற்றே!" என்பர் பழமை விரும்பிகள். அங்ஙனமாயின், மணமாகாத ஆடவனுக்குக் கூலியைக் குறைத்தது உண்டா? மக்களைப் பெற்ற கைம்பெண்ணுக்கு உயர்த்தியது உண்டா? இல்லையே! குழந்தைகளைப் பேணுவது சமுதாயத்தின் கடன். அதனைக் கூலிக் கணக்கோடு குழப்பாதீர் என்பது வெப்பின் வாதம்.

நூலின் உயிர்நிலை வேறோரிடத்தில் இருக்கிறது. 'சம வேலைக்குச் சம கூலி' என்ற முழக்கத்தையே அவர் ஐயுறுகிறார். ஏன்? ஒரே வேலையைச் சிறிது மாற்றி, வேறு பெயர் சூட்டி, "இது சம வேலையன்று" என்று கூறிவிட முதலாளிக்கு வழி இருக்கிறதல்லவா! வேலைக்குத்தான் விகிதம், சாதிக்கோ சமயத்துக்கோ கூலி வேறுபடாதது போலப் பாலுக்கும் வேறுபடலாகாது என்கிறார்.

குறைகளும் உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று 1889-இல் கையொப்பமிட்டவர் இவரே; 1906-இல்தான் அந்நிலையைக் கைவிட்டார். அறிக்கை நடையும் வறண்டது. கணக்கு பேசுகிற அளவுக்குக் குண்டுத் தொழிற்சாலைப் பெண்ணின் குரல் பேசவில்லை. வீட்டிலே கூலியின்றி அவள் செய்யும் வேலையும் உரிய இடம் பெறவில்லை.

எனினும் அவர் எச்சரிக்கை பொய்க்கவில்லை. 1968-இல் டாகன்ஹாம் போர்டு ஆலையிலே கார் இருக்கை உறை தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1970-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஆனால் அவர்கள் தொழில், திறன் வாய்ந்த தொழில் என்ற தரத்தைப் பெற்றதோ 1984-இல்! சட்டம் கூலியைத் தொட்டது. வேலைக்கு இட்ட பெயரைத் தொடவில்லை. அந்தப் பெயரிலேதான் சூது இருக்கிறது என்பதை 1919-லேயே உணர்த்திய நூல் இது. தோழர்களே, சமத்துவம் பேசுவோர் தேடிப் படிக்க வேண்டிய நூல்!