கஜல் பயின்ற குரலும் தமிழ்ச் சொல்லும்

திரைப்படப் பின்னணிப் பாடகர் ஒருவரைப் பற்றித் தமிழாசிரியர்கள் படிக்கும் பக்கத்தில் ஆராய்வது தகுமோ என ஐயுறுவார் உளர். முத்தமிழில் நடுநின்றது இசை என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம். உரையாசிரியன் ஒரு சொல்லின் பொருளை உரையால் விரிக்கிறான். பாடகனோ ஓசையால் விரிக்கிறான். ஆகவே, அவன் சொல்லை எவ்வாறு ஆண்டான் என்று கேட்பது புலமைக்கு உரிய கேள்வியே. அக்கேள்வியைத் திரு. ஹரிஹரன் அவர்களின் இசை வாழ்வை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

ஹரிஹரன் 1955இல் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர், பம்பாயில் வளர்ந்தவர். பெற்றோர் எச்.ஏ.எஸ். மணி, அலமேலு ஆகிய இருவரும் கருநாடக இசை வல்லவர்கள். பின்னர் அவர் உஸ்தாத் குலாம் முஸ்தபா கானிடம் இந்துஸ்தானி இசை பயின்றார். மெஹ்தி ஹசனின் பாட்டில் ஈடுபட்டுக் கஜல் நெறியைத் தமதாக்கிக்கொண்டார். 1977இல் அகில இந்திய ‘சுர் சிங்கார்’ போட்டியில் பரிசு பெற்றார். அதன் பயனாக இசையமைப்பாளர் ஜெய்தேவ், ‘கமன்’ (1978) என்னும் இந்திப் படத்தில் அவரைப் பாடவைத்தார். அவர் அப்படத்தில் பாடியது உருதுக் கவிஞர் ஷஹ்ர்யார் இயற்றிய ஒரு கஜல். திரைக்குள் அவர் நுழைந்ததே கஜல் என்னும் வாயில் வழியாகத்தான் என்பது கருதத்தக்கது.

கஜல் என்பது யாது? ஈரடிச் செய்யுள்கள் பலவற்றின் தொகுதி அது. ஒவ்வோர் ஈரடியும் நம் குறளைப் போலத் தனித்து நின்று பொருள் தரும். முதற் செய்யுளின் ஈரடியும், பின்வரும் செய்யுள்களின் இரண்டாம் அடிகளும் ஒரே சொல்லிலோ தொடரிலோ முடியும்; அதற்கு முன்னுள்ள சொல் ஓசையால் ஒன்றும். நம் யாப்பில் இயைபுத் தொடை என்பதற்கு இது நெருங்கிய உறவு. இறுதிச் செய்யுளில் கவிஞன் தன் பெயரைப் பொதிந்து வைப்பான். கீர்த்தனையில் வரும் முத்திரை போன்றது அது. பாடகன் முதலடியைப் பல முறை, பல சாயல்களில் பாடிக் கேட்போரின் ஆவலை வளர்ப்பான். பிறகே இரண்டாம் அடியால் அந்த ஆவலைத் தீர்த்துவைப்பான். இங்கே முன்னிற்பது கவிதை. இசை அதற்கு ஏவல் செய்வது.

இப்பயிற்சியோடு அவர் தமிழ்த் திரைக்கு வந்தது 1992இல், ‘ரோஜா’ படத்தில். ஏ.ஆர். ரஹ்மானின் இசையிலும் இளையராஜாவின் இசையிலும் பல பாடல்களைப் பாடினார். அவற்றுள் ‘பம்பாய்’ (1995) படத்தில் சித்ராவுடன் பாடிய பாடலை நோக்குவோம். வைரமுத்து இயற்றிய அப்பாடல் ‘உயிரே’ என்னும் விளியில் தொடங்குவது. கடலோரக் கோட்டையில் நின்று தொலைவிலுள்ள காதலியைத் தலைவன் அழைக்கும் இடம் அது. அவ்விளியின் ஈற்று ஏகாரத்தை ஹரிஹரன் நீட்டுகிறார். நீட்சியின் இடையே குரலைச் சற்றே தளர்த்தி மீண்டும் எழுப்புகிறார். இது வெறும் அணியன்று. சேய்மையில் உள்ளாரை விளிக்குங்கால் விளியின் ஓசை தன் மாத்திரையைக் கடந்து நீளும் என்பது தொல்காப்பிய விளிமரபில் கண்ட செய்தி. இசையில் உயிர் அளபிறந்து ஒலித்தலும் ஒற்று நீளுதலும் உண்டு என்று நூன்மரபின் இறுதியும் கூறுகிறது. கஜல் கற்றுத்தந்த நீட்சி நம் இலக்கணம் கண்ட நீட்சியோடு இவ்விடத்தே கைகோத்துக்கொள்கிறது.

அவருடைய மற்றொரு சிறப்பு மூச்சைப் பகுக்கும் முறை. மெட்டுக்காகச் சொல்லைப் பிளத்தல் திரைப்பாட்டில் மலிந்த குற்றம். யாப்பில் இதனை வகையுளி என்போம். சொல்லின் நடுவே மூச்சு வாங்கும் பாடகர் அக்குற்றத்தைப் பெருக்குவர். ஹரிஹரனோ மெதுவான பாடல்களில் சொல் முடியும் இடத்தை அறிந்து நிறுத்துகிறார். மெட்டே பிளந்த சொல்லையும் குரலின் இழையால் இணைத்துவிடுகிறார்.

குறையே இல்லையோ எனின், உண்டு. குழைவு அவருக்கு இயல்பாகிவிட்டமையால், குழையக் கூடாத வல்லினமும் சில பாடல்களில் மெலிந்து ஒலிக்கிறது. அரை மாத்திரையே பெறத்தக்க குற்றியலுகரம், சுருக்கமான கமகம் ஒன்றை ஏற்று முழு உயிராகிவிடுகிறது. துயரமும் களிப்பும் ஒரே மென்மையில் தோய்ந்து வருவதும் உண்டு. அவரைப் பின்பற்றிய இளைஞர் பலர் இக்குழைவை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்லறிவை விட்டுவிட்டனர் என்பது அதனினும் பெரிய குறை. ஆயின் அப்பழி அவருடையதன்று.

இனி, நம்மை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உளது. ‘ஹாசிர்’ (1992) தொகுப்பில் ஜாகிர் உசேனின் தபலாவோடும், ‘குல்ஃபாம்’ (1994), ‘காஷ்’ (2000) தொகுப்புகளிலும் அவர் உருதுக் கவிதைக்குத் தாமே மெட்டமைத்துப் பாடினார். ஆங்கே அவர் கவிதையைத் தேர்பவர், மெட்டை ஆக்குபவர், பாடுபவர். தமிழிலோ அவர் பெரும்பாலும் பிறர் அமைத்த மெட்டுக்கு, அம்மெட்டுக்கென எழுதப்பட்ட சொல்லைப் பாடுபவர். சிறந்த பாடகருக்கான தேசிய விருதை அவர் இருமுறை பெற்றார்: ஒன்று ‘பார்டர்’ (1997) என்னும் இந்திப் படத்துக்கு; மற்றொன்று ‘ஜோக்வா’ என்னும் மராத்திப் படத்துக்கு. தாய்மொழி அவருக்குப் பெரும்புகழைத் தந்தது. ஆனால் கஜல் உலகம் தந்த உரிமையைத் தரவில்லை.

காரணம் யாது? கீர்த்தனையும் பக்திப் பாடலும் நாட்டுப்பாடலும் நீங்கலாக, திரைக்கு வெளியே ஒரு புதுக்கவிதையைப் பாட்டாகக் கேட்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. கவிக்கோ அப்துல் ரகுமான் ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ என்னும் நூலால் கஜலைத் தமிழுக்குக் கொணர்ந்தார். அதனைப் படித்தோம், பாராட்டினோம். அதனைப் பாடுவோரைத் தேடினோமா?

இந்நாட்டு மலாய் மக்களிடம் இதற்கு நல்லதொரு பாடம் உண்டு. ஜொகூரில் வழங்கும் மலாய் கஜல், ஆர்மோனியத்தையும் தபலாவையும் இந்தியாவிலிருந்து ஏற்றது. கம்புசையும் வயலினையும் அவற்றோடு சேர்த்தது. பாடுபொருளுக்கோ தன் சொந்தப் பந்துன் செய்யுளையே வைத்துக்கொண்டது. கருவி இரவலாயினும் கவிதை இரவலன்று. வந்த வடிவம் அதனால் சொந்த வடிவமாயிற்று. 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றி, மலாய் மொழிப் பேரறிஞர் ஸாபா பணியாற்றிய தஞ்சோங் மாலிம் கல்விக்கூடம் இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அங்கே தமிழாசிரியராகப் பயில்வோர் இப்பாடத்தை அண்டை வீட்டிலேயே கற்கலாம்.

ஈரடியில் பொருளை முடிக்கும் கலை நமக்குப் புதிதன்று. முதலடியில் ஆவலை எழுப்பி இரண்டாமடியில் அதனை நிறைவு செய்யும் குறட்பாக்கள் காமத்துப்பாலில் பலவுள. அவற்றுள் ஒன்றை மாணவர் கையில் கொடுத்து, ‘இதன் முதலடியை மூன்று விதமாகச் சொல்லிக்காட்டு, பிறகே இரண்டாமடிக்குச் செல்’ என்று ஆசிரியர் கேட்கட்டும். எந்தச் சொல்லில் நிற்பது, எதனை நீட்டுவது, எதனை விரைந்து கடப்பது என்று அவர் எண்ணத் தொடங்குவார். அவ்வெண்ணமே கவிதை பயில்வதன் தொடக்கம். ஹரிஹரன் உருதுவில் கற்றுத் தமிழுக்குக் கொணர்ந்த செல்வமும் அதுவே. குரல் நம்மிடம் உண்டு; செய்யுளும் உண்டு; இரண்டையும் கூட்டிவைக்கும் செவியை வளர்ப்பதே இனி நம் கடன்.