கொயலோ தீர்ப்பில் கூடலூர் எங்கே?

போட்டித் தேர்வுக் குறிப்புகளில் 'ஐ.ஆர். கொயலோ எதிர் தமிழ்நாடு அரசு' வழக்குக்கு இரண்டு வரி இருக்கும். 24-4-1973க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த சட்டமும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறினால் செல்லாது. அவ்வளவுதான். சண்டை எந்த மண்ணைப் பற்றி என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அது கூடலூர் மண்.

நாடுகாணியிலிருந்து மலை இறங்கினால் நிலம்பூர். இந்தப் பக்கத்து நிலத்துக்கெல்லாம் நிலம்பூர் கோவிலகம்தான் ஜென்மி. 1969ல் தமிழக அரசு கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1972ல் பால்மாடீஸ் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது; ஜென்மக் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது மட்டும் நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று அந்தப் பகுதியை ரத்து செய்தது. 1974ல் 34வது திருத்தம் வந்து, முழுச் சட்டத்தையும் ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்தது. அதை எதிர்த்த வழக்கு 1999ல் 9 நீதிபதிகள் அமர்வுக்குப் போய், 11-1-2007ல் தீர்ப்பானது.

தீர்ப்பு கோட்பாட்டில் பலமானது, ஒருமனதானது. ஆனால் கடைசிப் பத்தியைப் பாருங்கள்: மனுக்களை 3 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பிவிட்டு முடிகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அந்த அமர்வின் வேலை, அதைக் குறை சொல்ல முடியாது. நமக்குக் கிடைத்தது ஒரு மகத்தான கோட்பாடு. ஆனால் 38 வருஷம் கழிந்தும் நிலம் யாருடையது என்ற கேள்வி நின்ற இடத்திலேயே நின்றது.

என் விமர்சனம் தீர்ப்பைவிடச் சட்டத்தின் மேல்தான். தாமே பயிரிட்ட ஜென்மிக்கும் குத்தகைதாரருக்கும் ரயத்துவாரி பட்டா பெற வழி உண்டு: பிரிவு 8, 9, 10. தோட்டப் பயிருக்காக ஜென்மி குத்தகைக்கு விட்ட நிலம் பிரிவு 17. பொதுநலன் என்று அரசு கருதினால் குறைந்தது 3 மாத நோட்டீஸ் கொடுத்து அந்தக் குத்தகையை முடிக்கலாம். முடிக்காவிட்டால் குத்தகை தொடரும். ஜென்மி இடத்தில் அரசு. இதில் என்ன இல்லைன்னா, அரசு எப்போதைக்குள் முடிவெடுக்க வேண்டும் என்ற கெடு. நோட்டீஸுக்குக் குறைந்தபட்சம் உண்டு, யோசிப்பதற்கு அதிகபட்சம் இல்லை. நிரல் எழுதுகிறவனுக்கு இது பழகிய பிழை: வெளியேறும் நிபந்தனை இல்லாத சுழல்.

சுழலில் மாட்டுவது யார்? எஸ்டேட் கம்பெனிக்கு வக்கீல் உண்டு, குத்தகைப் பத்திரம் உண்டு, காத்திருக்கப் பணமும் உண்டு. ஐந்து சென்ட்டில் வீடு கட்டியவருக்கு இது எதுவும் கிடையாது. பிரிவு 17 ஜென்மியையும் குத்தகைதாரரையும்தான் பேசுகிறது. பிறகு வந்து குடியேறியவர் அந்த வாசகத்திலேயே இல்லை. அதனால்தான் 'பட்டா கிடைக்குமா, கரண்ட் கிடைக்குமா, விற்கலாமா' என்ற கேள்விகள் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகின்றன.

'நிலுவையில் கிடந்ததால்தானே காடு பிழைத்தது' என்று நண்பர்கள் சொல்வார்கள். பாதி நியாயம். ஆனால் காட்டுக்குத் தனியாகவே காவல் உண்டு. 1949ன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி, அதன் கீழ் வரும் காட்டை விற்க, அடமானம் வைக்க, குத்தகைக்கு விட முன் அனுமதி வேண்டும். நிலம்பூர் கோவிலகத்தின் கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர் மரவெட்டை எதிர்த்து 1995ல் போட்ட வழக்கில்தான், உரிமையாளர் யாரானாலும் காடு காடுதான் என்ற 12-12-1996 உத்தரவு வந்தது. காட்டைக் காக்க, குடியிருப்பவரை அந்தரத்தில் தொங்கவிட வேண்டியதில்லை.

தேவை ஒரு திருத்தம்: கெடு, அதோடு கெடு தாண்டினால் என்ன ஆகும் என்ற வரி. அது வரும்வரை இந்தப் பக்கம் நிலம் வாங்க நினைப்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் பிரிவைக் கேளுங்கள். '17' என்று பதில் வந்தால், உங்களுக்கு விற்கப்படுவது முடியாத ஒரு வழக்கில் ஓர் இடம்.