கடமையே கதையாக: ஆன் மெக்காஃப்ரியின் பெர்ன் புதினங்களில் டிராகன் ஊர்வோரின் அன்றாடப் பணிகள்

முன்னுரை

மிகுபுனைவு இலக்கியத்தை வியப்பின் இலக்கியம் என்று கருதுவது திறனாய்வில் நிலைபெற்றுவிட்ட ஒரு வழக்கமாகும். சிறகுடைய பெருவிலங்கு, மாயப் படைக்கலம், மண்ணில் இல்லாத நிலம் ஆகியனவே இவ்வகை எழுத்தின் உயிர் எனக் கொள்ளப்படுகின்றன. ஆனால் வியப்பு நீண்ட நேரம் நிலைப்பதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கடந்தும் ஒரு கற்பனை உலகம் வாசகனிடம் நம்பகத்தன்மையோடு நிலைத்திருக்க வேறொன்று தேவைப்படுகிறது. அவ்வுலகத்து மாந்தர் நாள்தோறும் செய்யும் வேலையே அது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதனை நிறுவ ஆன் மெக்காஃப்ரியின் (1926–2011) பெர்ன் புதின வரிசை எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இவ்வரிசையின் தொடக்கக் கதையான 'வெயர் சர்ச்' 1967இல் 'அனலாக்' இதழில் வெளிவந்து, 1968இல் குறும்புதினத்திற்கான ஹியூகோ பரிசை மற்றொரு படைப்புடன் பகிர்ந்துகொண்டது. புனைகதைக்காக அப்பரிசு பெற்ற முதல் பெண் எழுத்தாளர் மெக்காஃப்ரியே. இக்கதையும் இதன் தொடர்ச்சியும் இணைந்து 1968இல் 'டிராகன்ஃபிளைட்' என்னும் புதினமாயின. தம் எழுத்து மிகுபுனைவு அன்று, அறிவியல் புனைகதையே என ஆசிரியர் வலியுறுத்தி வந்தார். டிராகன்களை மாயத்தால் இயக்காமல் உணவு, பயிற்சி, உழைப்பு ஆகியவற்றால் இயக்கியமை அவர்தம் கூற்றுக்கு அரண் செய்கிறது.

பணிகளின் நிரல்

தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களுள் தெய்வம், உணவு முதலியவற்றோடு 'செய்தி'யையும் வைத்து எண்ணுகிறது. உரையாசிரியர்கள் இதற்குத் தொழில் எனப் பொருள் கொள்வர். ஒரு நிலத்தை அந்நிலமாக ஆக்குவதில் அங்கு வாழ்வோர் செய்யும் தொழிலுக்கும் பங்குண்டு என்னும் இப்பார்வை, கற்பனை நிலங்களை ஆராய்வதற்கும் கருவியாக அமைகிறது.

பெர்ன் கோளின் வானில் செந்நிறக் கோள் ஒன்று நெருங்கும் காலங்களில், உயிர்ப்பொருள் அனைத்தையும் தின்றழிக்கும் 'இழை' மழைபோல் பொழிகிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இழை வீழும். பின்னர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வீழாது. இழையை வானிலேயே எரித்தழிக்கும் பொறுப்பு டிராகன்களுக்கும் அவற்றை ஊர்வோருக்கும் உரியது. இவர்கள் 'வெயர்' எனப்படும் மலைக்குடியிருப்புகளில் வாழ்கின்றனர்.

போர் சில மணி நேரமே நிகழ்கிறது. எஞ்சிய பொழுதை நிறைப்பவை சிறு பணிகள். 'இடை' எனப்படும் கடுங்குளிர் வெற்றிடத்தின் வழியே டிராகன்கள் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கணத்தில் பெயர்கின்றன. தோலில் வறண்ட திட்டோ வெடிப்போ இருப்பின் அக்குளிர் தீங்கு விளைக்கும். எனவே டிராகனைக் குளிப்பாட்டுதலும் எண்ணெய் பூசுதலும் ஊர்வோனின் முதற்கடன்களாகின்றன. தீக்கல்லை மூட்டைகளில் கட்டிவைத்தல், போர் நடக்கும்போது அம்மூட்டைகளை வானில் பறப்போருக்குக் கொண்டு சேர்த்தல் ஆகியன இளம் பயிற்சியாளரின் வேலைகள். டிராகன் தீக்கல்லை மென்று தீ உமிழ்கிறது. பின்னர் அதன் சாம்பலைக் கக்கியாக வேண்டும். அரசி டிராகன்கள் தீக்கல்லை மென்றால் மலடாகும் என்பதால், அவற்றை ஊரும் பெண்கள் தீயெறி கருவிகளைச் சுமந்து தாழப் பறந்து, தப்பி விழும் இழைகளை அழிக்கின்றனர். இவையன்றி முகட்டில் காவலிருத்தல், இழை வீழ்ந்த நிலத்தைச் சுற்றிப் பார்த்துவருதல், புண்ணுக்கு மரப்பு மருந்திடுதல் என நிரல் நீள்கிறது.

இந்நிரலில் ஒவ்வொரு பணிக்கும் காரணம் உண்டு என்பது கருதத்தக்கது. எண்ணெய் பூசுதலை நீக்கினால் 'இடை'ப் பயணம் இயலாது. பயணம் இயலாவிடில் போர் இல்லை. வியப்புக்குரிய செயல் ஒவ்வொன்றும் வியப்பற்ற ஒரு வேலையின்மேல் நிற்கிறது.

பொருளிழந்த ஒழுங்கு

'டிராகன்ஃபிளைட்' தொடங்கும்போது நானூறு ஆண்டுகளாக இழை வீழவில்லை. ஆறு வெயர்களுள் ஐந்து வெறுமையாகக் கிடக்கின்றன. எஞ்சிய பெண்டன் வெயருக்குத் திறை செலுத்த நிலத்தலைவர்கள் தயங்குகின்றனர். பகைவன் வராத காலத்தில் காவற்படையின் அன்றாட ஒழுங்கு என்னவாகும் என்னும் வினாவே இப்புதினத்தின் மையம்.

இவ்வினாவுக்குப் புதினம் இரு விடைகளை எதிரெதிராக வைக்கிறது. வெயர்த்தலைவன் ரிகுல் மரபின் வடிவத்தைக் காப்பவன். புதிதாக வந்த லெஸ்ஸாவைப் பழம் ஏடுகளைப் படியெடுக்கவும் பாடல்களை மனனம் செய்யவும் வைக்கிறான். ஆனால் அவற்றின் பொருளை அவனே நம்புவதில்லை. அரசி டிராகன் பறக்கவேண்டியதில்லை என்பதும் அவனுக்கு மரபாகிவிடுகிறது. ஃப்லார் அதே ஏடுகளைப் பணிக்குறிப்புகளாகப் படிக்கிறான். மாரிக்காலக் கதிர்த்திருப்ப நாளின் விடியலில், குறிக்கற்களின் இடையே செந்நிறக் கோள் தோன்றுவதைக் கண்டு, இழை வரவிருப்பதை உணர்கிறான். பிறகு இழை வீழும் இடத்தையும் நேரத்தையும் கணித்துப் பட்டியலிடுகிறான்.

இருவரும் ஒரே மரபின் வாரிசுகள். ஒருவனிடம் சடங்காக எஞ்சியது மற்றவனிடம் மீண்டும் பணியாகிறது. மரபைக் காத்தல் என்பது அதன் சொற்களைக் காத்தலா, அச்சொற்கள் எதற்காகத் தோன்றினவோ அத்தொழிலைக் காத்தலா என்னும் இவ்வினா, ஏடுகளோடு வாழும் தமிழாய்வாளருக்கும் அயலானதன்று.

பணியும் சோர்வும்

கடமையைப் போற்றும் கதைகள் பெரும்பாலும் அதன் விலையைச் சொல்வதில்லை. 1983இல் வெளிவந்த 'மொரீட்டா' இவ்வகையில் வேறுபடுகிறது. கொள்ளைநோய் பரவும் காலத்திலும் இழை வீழ்ச்சி நிற்பதில்லை. நோயுற்றோரின் இடத்தை மற்றவர் நிரப்ப வேண்டியுள்ளது. மொரீட்டா தன் அரசி டிராகன் முட்டைகளைக் காத்திருப்பதால், மூத்தவளான லெரியின் டிராகன் ஹோல்த்தின்மேல் ஏறித் தடுப்பு மருந்தை ஊர்தோறும் கொண்டு சேர்க்கிறாள். இறுதியில் இருவரும் களைத்து, 'இடை'யில் புகுந்து மீளாது போகின்றனர். அவளைக் கொல்வது பகைவன் அல்லன், இழையும் அன்று; பல்லாயிரம் முறை செய்து பழகிய ஒரு செயலைக் களைப்பில் செய்ய நேர்ந்தமையே. பழக்கம் காக்கும் என்னும் நம்பிக்கையை ஆசிரியர் இங்குத் தாமே சோதனைக்கு உட்படுத்துகிறார்.

எழுதப்படாத பணிகள்

இப்புதினங்களின் வலிமை எதுவோ, குறையும் அதிலேயே வெளிப்படுகிறது. ஊர்வோரின் வேலைகளை இத்துணை நுணுக்கமாகச் சொல்லும் ஆசிரியர், அவர்களுக்கு உணவு சமைத்து, குகைகளைத் தூய்மை செய்யும் ஏவலரின் வேலைகளைப் பெரும்பாலும் பின்புலமாகவே விட்டுவிடுகிறார். கீழ்க்குகைகளின் தலைவி மனோராவுக்குப் பெயரும் மதிப்பும் உண்டு. அவளுக்குக் கீழே உழைப்போருள் பலருக்குப் பெயரில்லை. 'டிராகன்சிங்கர்' (1977) புதினத்தில் வரும் காமோ என்னும் சமையற்கூட ஏவலன் பெயர் பெற்ற சிலருள் ஒருவன். அவனும் அறிவு வளர்ச்சி குன்றியவனாகவே படைக்கப்பட்டுள்ளான்.

இங்கு ஒரு முரண் உள்ளது. லெஸ்ஸாவே ஏவற்பெண்ணாக வாழ்ந்தவள். தன் குடும்பத்தைக் கொன்ற ஃபாக்ஸிடமிருந்து தப்ப, ருவாதாவில் பத்தாண்டுகள் சமையற்கூடத்தில் மறைந்திருந்தாள். உணவைக் கெடுத்தும் அடுப்பைப் புகையவிட்டும் அக்கோட்டையின் வளத்தையே அவள் குலைத்தாள். ஏவலர் கைவிட்டால் கோட்டை நிற்காது என்பதைத் தொடக்கக் கதையே மெய்ப்பித்துவிட்டது. ஆயினும் வெயர்த்தலைவியான பின் அவள் பார்வையில் அடுப்படி மறைகிறது. கதையின் பார்வையிலும் மறைகிறது. மறைந்திருந்தவள் உயர்குடிப் பிறப்பினள் என்பதால், அவள் ஏற்றம் ஏவலரின் ஏற்றமாகவில்லை. இழந்த தகுதியை மீளப் பெறுதலாகவே அமைகிறது. உழைப்பால் ஒரு நிலத்தை மெய்யாக்கும் எழுத்து, யாருடைய உழைப்பை எண்ணுகிறது என்பதையும் திறனாய்வு கேட்க வேண்டும்.

முடிவுரை

1991இல் வெளிவந்த 'ஆல் தி வெயர்ஸ் ஆஃப் பெர்ன்' புதினத்தில் செந்நிறக் கோளின் பாதை மாற்றப்படுகிறது. இழையின் முடிவு உறுதியாகிறது. இழை நின்றபின் ஊர்வோர் என்ன செய்வர் என்னும் கவலை 2001இல் வந்த 'தி ஸ்கைஸ் ஆஃப் பெர்ன்' புதினத்தை இயக்குகிறது. வானிலிருந்து வரும் பிற இடர்களைக் கண்காணித்தல் என்னும் புதிய பணியை நோக்கி அது நகர்கிறது. வெற்றியோடு முடிக்காமல், வேலை தேடும் நிலைக்குத் தம் வீரர்களை ஆசிரியர் கொண்டுவருவது இவ்வரிசையின் இயல்போடு பொருந்துகிறது.

இதற்கான விதை முதற்புதினத்திலேயே உள்ளது. லைட்டால் என்பவன் தன் டிராகனை இழந்தவன். ஊர்வோனுக்குரிய சுருங்கிய பெயர்வடிவத்தையும் அதனோடு இழந்து, நெசவுத் தொழில் மேற்கொண்டு வாழ்கிறான். பின்னர் ருவாதாவின் பாதுகாவலனாகிறான். எண்ணெய் பூச ஒரு விலங்கு இல்லாமற்போன கைகள் தறியைப் பற்றிக்கொண்டன. டிராகன் ஊர்தலின் பெருமையைப் பறத்தற்காட்சிகள் காட்டுகின்றன. அவ்வாழ்வு எதனால் ஆனது என்பதை லைட்டாலின் வெறுமையே உணர்த்துகிறது. மிகுபுனைவை ஆராயப் புகும் தமிழாய்வு அதன் அற்புதங்களை வகைப்படுத்துவதோடு நில்லாது, அவ்வற்புதங்களைத் தாங்கும் தொழில்களையும், அத்தொழில் செய்வோருள் பெயர் பெற்றோரையும் பெறாதோரையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.