பக்கவாத்தியத்துக்கு எந்தக் கட்டம்?

நந்தனத்தில் எங்கள் தெருவில் ஒரு மிருதங்க வித்வான் இருக்கிறார். இருபத்தைந்து வருஷமாக வாசிப்பவர். போன மாதம் ஒரு ஃபைலோடு வந்தார். "சார், ஓ-1 விசாவுக்கு நான் தேறுவேனா, பாருங்க." அமெரிக்கத் துணைத்தூதரகம் இதே அண்ணா சாலையில், ஜெமினி பாலத்துப் பக்கம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விதித்தொகுப்பைத் தாண்டணும். அதை ஒரு கலை விமரிசனம் மாதிரியே படித்துப் பார்த்தேன்.

1990-ம் வருஷக் குடியேற்றச் சட்டத்தில் வந்த வகை இது. 'அசாதாரணத் திறமை' என்று பேர். விஞ்ஞானி என்றால் துறையின் உச்சியில் இருக்கிற வெகு சிலரில் ஒருவராக இருக்கணும். கலைஞருக்குத் 'தனிச்சிறப்பு' இருந்தால் போதும். கேட்க தாராளமாகத்தான் இருக்கிறது. ஆறு வகைச் சான்றில் மூன்றைக் காட்டணும் என்கிற இடத்தில்தான் இடிக்கிறது.

பேர்பெற்ற நிகழ்ச்சியில் முதன்மைக் கலைஞராக இருந்தீர்களா என்பது ஒன்று. மிருதங்கக்காரர் எப்படி ஆமாம் என்பார்? கச்சேரி பாடகர் பேரில்தானே நடக்கிறது! பத்திரிகை விமரிசனம் இன்னொன்று. அவர் ஃபைலில் நிறைய இருந்தது. எல்லாவற்றிலும் கடைசி வரியில் மட்டும் மஞ்சள் மை. தோடி ஆலாபனைக்கு இரண்டு பத்தி, மிருதங்கத்துக்கு அரை வாக்கியம். அதிகச் சம்பளம் மற்றொன்று. கவரில் வைத்துக் கொடுக்கும் பணத்துக்கு ஏது ரசீது?

பக்கவாத்தியத்தைச் சட்டம் மறக்கவில்லை. ஓ-2 என்று ஒன்று உண்டு. ஆனால் அது ஓ-1 வாங்கியவரோடு ஒட்டிக்கொண்டு போவதற்கு. பி-3 என்றும் ஒன்று உண்டு, 'பண்பாட்டுத் தனித்தன்மை' உள்ள நிகழ்ச்சிகளுக்கு. அதில் போனால் நீங்கள் ஒரு மரபின் மாதிரி. ஓ-1-ல் போனால்தான் நீங்கள் நீங்கள். விசா கிடைப்பதை விட இந்த வித்தியாசம்தான் அவரை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

கிராமி வாங்கியிருந்தால் இந்த ஆறு வகையும் வேண்டாம், அதுவே போதும் என்கிறது விதி. விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த 'பிளானட் டிரம்' ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. அங்கே தாளவாத்தியங்கள்தான் கச்சேரியே. பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

அமெரிக்கக்காரனை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. மியூசிக் அகாடமி 1928-ல் தொடங்கியது. ஒரு மிருதங்க வித்வானுக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது 1966-ல், பாலக்காடு மணி ஐயருக்கு. நாமே அத்தனை வருஷம் எடுத்துக்கொண்டோம்.

ஒரு சந்து இருக்கிறது. இந்த வகைகள் உங்கள் தொழிலுக்குப் பொருந்தாவிட்டால் இணையான சான்று கொடுக்கலாம் என்கிறது விதி. தனி ஆவர்த்தனத்தைக் காட்டுங்கள் என்றேன். அந்தக் கால் மணி நேரம் மேடை உங்களுடையதுதானே.

"வீடியோ நிறைய இருக்கு சார்," என்றார். "ஆனா அதுல பாதி, ஜனம் கேன்டீனுக்கு எழுந்து போறதும் சேர்ந்து பதிவாயிருக்கு."