தூண்டிலும் துலாக்கோலும்

ஐசக் வால்ட்டன் என்பார் லண்டன் மாநகரில் துணிக்கடை வைத்திருந்த வணிகர். 1653-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலை வெளியிட்டார். தூண்டிற்காரனுக்கு வேண்டிய யாவும் அடங்கியது என்று பொருள்படும் 'தி கம்ப்ளீட் ஆங்லர்' என்பது அதன் பெயர். மன்னன் சார்லசின் தலை வெட்டுண்டு நான்காண்டுகள் ஆகியிருந்தன; ஆலிவர் கிராம்வெல் நாட்டின் காவலராகப் பொறுப்பேற்றது அந்த ஆண்டின் இறுதியிலேதான். நாடு நெருப்பாற்றில் நீந்திக்கொண்டிருந்த அந்நாளில், நல்லவர் வால்ட்டனோ லீ ஆற்றங்கரைக்குச் சென்று புல்லிலே அமர்ந்தார், புழுவைக் கோத்தார், பாட்டிசைத்தார், பழங்கதை பேசினார். மீன்பிடிப்போன் ஒருவன், வேட்டைக்காரன் ஒருவன், வல்லூறு வளர்ப்போன் ஒருவன் என மூவரை உலவவிட்டு, அவர்தம் உரையாடலாகவே நூலை நடத்திச் சென்றார்.

அமைதியின் ஏடு என்று அதனைப் போற்றுவர். அந்தப் புகழ் பொய்யன்று. மழைக்கு ஒதுங்கிய மரநிழலையும், பால் கறக்கும் பெண்ணின் பாட்டையும் அவர் தீட்டிக்காட்டும் அழகு அழகுதான். ஆனால், தோழர்களே, அந்த நூலில் நான் பெரிதும் மதிக்கும் பக்கம் வேறு. புல்வெளியையும் பூங்கொடியையும் தேடிப் படிப்போர் விரைந்து கடந்துபோகக்கூடிய பக்கம் அது.

நீர்நாய் வேட்டை நடக்கின்ற நாள். வேட்டைக்காரரோடு பேசிக்கொண்டே வரும் தூண்டிற்காரன் திடீரெனக் கொதித்தெழுகிறான். மீன் சினைகொண்டு முட்டையிடும் திங்களில் அதனைப் பிடித்தலாகாது என்ற தடைக்காலம் முதலாம் எட்வர்டு மன்னன் காலந்தொட்டே சட்டத்தில் இருக்கிறது. இருந்தும் என்ன பயன்? மதிப்பார் இல்லை, மதிக்கச் செய்வாரும் இல்லை. சட்டம் குறித்த அளவுக்குச் சிறிய மீன்கள் அங்காடியில் நாள்தோறும் விலைபோகின்றன. நீர்நிலைகளைக் காக்க அமர்த்தப்பட்டோர் நாண வேண்டும். இந்த நிலை நீடித்தால் ஆறுகள் அனைத்தும் அழியும் என்கிறான். ஊருக்கெல்லாம் பொதுவான பொறுப்பை ஒருவரும் தம் பொறுப்பாகக் கொள்வதில்லை என்ற உண்மையை அந்த இடத்தில் அவன் நினைவூட்டுகிறான். அமைதியின் ஏட்டிலே இப்படி ஓர் அனற்பொறி!

பொறி நன்று. அதை மூட்ட அவர் அடுக்கிய விறகைத்தான் நாம் ஆராய வேண்டும்.

தடைக்காலம் ஏன் வேண்டும்? வால்ட்டன் காட்டும் காரணங்களைக் கேளுங்கள். குஞ்சு பொரிக்கும் தாய்ப்பறவையைக் கூட்டிலே வைத்துப் பிடிப்பதை இறைவன் வேதத்தில் விலக்கியிருக்கிறான்; சினைமீனைப் பிடிப்பதும் அதுபோன்ற பாவம். இது ஒன்று. மீன் அற்றுப்போனால், நோன்பு நாளில் புலால் தவிர்க்கும் நல்லடியார்கள் இறைச்சி உண்ணும் நிலைக்குத் தள்ளப்படுவார்கள். இது மற்றொன்று. ஆற்றின் அழிவு ஆற்றுக்குக் கேடு, அதை நம்பி வாழ்வோர்க்குக் கேடு, நாளை பிறக்கும் பிள்ளைக்குக் கேடு என்றால் போதாதா? போதவில்லை, அந்தக் காலத்துக்கு. முடிவு சரி, முடிவைத் தாங்கும் கால் மட்டும் மரக்கால். இதே பெரியவர்தான், பைக் என்னும் மீன் ஒருவகை நீர்க்களையிலிருந்தும் பிறப்பதுண்டு, விலாங்கு பனித்துளியிலிருந்தும் தோன்றுவதுண்டு என்ற பழம்புலவர் கூற்றுகளை மரியாதையோடு எடுத்துவைக்கிறார். கண்ணெதிரே சினைமீனைக் கண்டவருக்கு ஏட்டுச் சுரைக்காய் எதற்கு?

அடுத்தது, குற்றவாளியைத் தேர்ந்தெடுத்த முறை. மீன் குறைவதற்கு வால்ட்டன் முதலில் கைகாட்டுவது நீர்நாயை. அதைக் கொல்வோர்க்கு அரசு ஊதியம் தந்தாலும் தகும் என்கிறார். நீர்நாய் பேசாது, வழக்கறிஞரை அமர்த்தாது. வேட்டை நாய்களோடு 20-ஆம் நூற்றாண்டில் பூச்சிக்கொல்லி நஞ்சும் சேர்ந்துகொண்டதால், இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அந்த விலங்கு காணாமற்போயிற்று. 1978-இல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. நீர்நாய் இல்லாத காலத்தில் மீன் பெருகி வழிந்ததா? இல்லை, நஞ்சு விழுந்த நீரில் மீனும் வாழவில்லை, மீனைத் தின்பதும் வாழவில்லை. எளிதில் அகப்படுவதைக் குற்றவாளியாக்கும் இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மனித வடிவிலும் வரும்.

மூன்றாவது குறை, வாய்மூடிக்கொண்டது. ஆறு யாருடையது? கரை யாருடையது? இதை வால்ட்டன் கேட்கவில்லை. அவர் மறைந்து 40 ஆண்டுகள் சென்றபின் நாடாளுமன்றம் அதற்கு மறுமொழி எழுதிற்று. 1723-ஆம் ஆண்டின் 'கறுப்புச் சட்டம்' அது. முகத்தில் கரிபூசி, ஆயுதம் தாங்கிச் சென்று ஆற்றிலோ குளத்திலோ மீன் திருடினால் தூக்கு! சீமானின் மீன்குளத்துக் கரையை வன்மத்தோடு உடைத்தாலும் தூக்கு! ஏறத்தாழ நூறாண்டு அந்தக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது; 1823-இல்தான் பெரும்பகுதி நீக்கப்பட்டது. வரலாற்றறிஞர் இ. பி. தாம்சன் 1975-இல் எழுதிய ஆய்வைப் படிப்போர் இதன் உட்கிடை அறிவர். அங்கே காக்கப்பட்டது உடைமை. மீன், அந்த உடைமைக்கு வாய்த்த ஒரு பெயர்.

மீனைக் காக்கும் சட்டம் வேறு வாயிலாக வந்தது. 1861-இல் சால்மன் மீனுக்கொரு சட்டம், 1865-இல் உரிமச் சீட்டும் பாதுகாப்புக் குழுக்களும். ஆனால் சால்மனும் டிரௌட்டும் சீமான்களின் மீன்கள். வேட்டைக்குரிய பெருமை பெற்றவை. மற்றவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கோர்ஸ்', அதாவது கரடுமுரடானவை. மீனிலும் மேல்சாதி, கீழ்சாதி! அந்தக் கீழ்சாதி மீனுக்காக வாதாடியவர்கள் யார்? ஷெபீல்டு நகரத்து உருக்காலைத் தொழிலாளரும், கத்தி சாணை பிடிப்போரும், அவர்தம் தூண்டிற் சங்கத்தாரும். கிழமையெல்லாம் இரும்புத் தூளை மூச்சில் இழுத்துவிட்டு, ஓய்வு நாளில் இரயிலேறி ஆற்றங்கரை தேடிப் போனவர்கள் தங்கள் கைகளைத் தாங்களே கட்டுமாறு கேட்டார்கள். அந்நகரின் நாடாளுமன்ற உறுப்பினர் முண்டெல்லா கொண்டுவந்த 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தால், மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை அம்மீன்களுக்கு ஓய்வு கிடைத்தது. வால்ட்டன் வேதத்தைக் காட்டிக் கேட்டதை, உழைப்பாளர் தம் அனுபவத்தைக் காட்டிப் பெற்றார்கள். ஆங்கில இலக்கிய வரலாறு எழுதுவோர் இதற்கும் ஓர் அடிக்குறிப்புத் தரலாம், தந்தால் குறைந்துவிடமாட்டார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1879-இல், நம் சென்னை மாகாணத்திலும் ஒரு சட்டம் பிறந்தது. நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் என்பது அது. அங்கும் மூடு பருவம் உண்டு, உரிமம் உண்டு. ஆனால் அதன் பின்னே நின்றது ஷெபீல்டின் சாணைக்காரர் போன்ற கூட்டமன்று. துப்பாக்கியும் தூண்டிலும் தூக்கிய வெள்ளைத் துரைமார். 1877-இல் அமைந்த அவர்களுடைய வேட்டைச் சங்கமே அந்த மலைகளின் விதிகளுக்கு வழிகாட்டியாக விளங்கிற்று. ஒரே தடைக்காலம், ஒரே உரிமச் சீட்டு. ஓரிடத்தில் பிடிப்பவனே கேட்டுப் பெற்றது, மற்றோரிடத்தில் மேலிருந்து இறங்கியது. எழுத்து ஒன்றாயிருப்பினும் இரண்டும் ஒன்றென்று நான் ஒப்பமாட்டேன்.

இங்கிலாந்துக்கே திரும்புவோம். ஆறுகளில் அந்த மார்ச்-ஜூன் தடை இன்றும் இருக்கிறது. குளங்குட்டைகளுக்கு 1995-லும், பெரும்பாலான கால்வாய்களுக்கு 2000-லும் விலக்களித்துவிட்டார்கள். 13 வயது நிரம்பியவர் அரசின் உரிமச் சீட்டின்றித் தூண்டில் போடலாகாது. 16 வயது வரை அது விலையின்றிக் கிடைக்கும். மீறினால் 2,500 பவுன் வரை தண்டம். சுற்றுச்சூழல் வாரியத்தின் ஆற்றுக் காவலருக்கு, இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை, போலீஸ்காரருக்குள்ள அதிகாரம் உண்டு. ஆயினும், கடலலை ஏறாத ஆற்றில் மீன்பிடி உரிமை கரைக்கு உடையவரிடமே இருப்பதால், அரசுச் சீட்டோடு கரைக்காரரின் அல்லது சங்கத்தின் அனுமதியும் வேண்டும். வால்ட்டன் கேட்காத கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.

நம் அணியிலே இளகிய நெஞ்சினர் சிலர் சொல்லக்கூடும்: "ஏழை ஒருவன் ஒரு மீன் பிடித்தால் என்ன குடிமுழுகிவிடும்? சீட்டு எதற்கு, காவலர் எதற்கு?" இதை நான் மறுக்கிறேன். சீட்டு விற்ற பணத்திலேதான் காவலருக்குச் சம்பளம். நாட்டிங்காம் அருகே கால்வெர்ட்டன் பண்ணையில் வளர்க்கும் மீன்குஞ்சுகளை ஆறுகளில் விடுவதும் அந்தப் பணத்திலேதான். சீட்டு வாங்காமல் அமர்ந்திருப்பவன், பக்கத்திலே சீட்டு வாங்கி அமர்ந்திருக்கும் கொத்தனாரின் பையில் கைவிடுகிறான். தடைக்காலமும் அப்படியே. ஆறு வெறுமையானால் செல்வனுக்கு என்ன? அவன் தன் சொந்தக் குளத்துக்குப் போவான். போக வேறிடமின்றி நிற்பவன் பேருந்தில் வந்தவன். ஆகவே தடையை உறுதியாக நடத்துக. சீட்டைக் கேட்டுப் பார்க்க. தவறியவனை வழக்குமன்றத்தில் நிறுத்துக. இதில் எனக்கு ஐயமில்லை.

ஐயம் எழுவது, யாரைத் தேடிப் போகிறார்கள் என்பதில். கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள், தங்கள் நாட்டு வழக்கப்படி, பிடித்த கெண்டையைச் சமைத்து உண்ண எடுத்துப் போவதுண்டு. ஆங்கிலத் தூண்டிற்காரரோ பிடித்ததை நீரிலேயே விட்டுவிடும் வழக்கத்தினர். ஆற்றில் மீன் குறைந்ததா? அயலான் தின்றுவிட்டான் என்ற கூச்சல் கிளம்பிற்று. நீர்நாயின் இடத்தில் போலந்துக்காரன்! நாளொன்றுக்கு எத்தனை மீன், எந்த அளவு மீன் எடுக்கலாம் என்று 2010-இல் விதி வந்தது. அது எல்லார்க்கும் பொது, நல்லது. அங்குள்ள தூண்டிற்காரர் பேரமைப்பு, 'பாலம் கட்டுவோம்' என்ற பெயரில், வந்தவர்களின் மொழியிலேயே விதிகளை அச்சிட்டுக் கரையோரம் பலகை நட்டு, அவர்களையும் சங்கத்தில் சேர்க்க முனைந்தது. அறியாதவனுக்கு முதலில் பலகை, அறிந்தும் மீறுபவனுக்குத் தண்டம். இந்த வரிசை பாராட்டத்தக்கது.

இனிக் குழாயைப் பார்ப்போம். 2023-ஆம் ஆண்டில் மட்டும் இங்கிலாந்தின் கழிவுநீர் வழிந்தோடிகள் 4,64,056 முறை ஆற்றிலும் கடலிலும் கழிவைக் கொட்டின; மொத்தம் 36 லட்சம் மணி நேரம். கடுமழையின்போது சட்டமே இடம்கொடுப்பவையும் இவற்றுள் அடக்கம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் மீன் முட்டையிடும் திங்களென்று குழாய் வாய்மூடிக்கொள்கிறதா? அதற்குத் தடைக்காலம் உண்டா? 2012 முதல் 2014 வரை தேம்ஸ் ஆற்றில் மலக்கழிவைப் பாய்ச்சிய குற்றத்துக்காகத் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்துக்கு 2017-இல் 2 கோடியே 3 லட்சம் பவுன் தண்டம் விதித்தார்கள். வழக்குத் தொடுத்தது அதே சுற்றுச்சூழல் வாரியம். அதற்குரிய நன்றியைச் சொல்லிவிடுவோம். எனினும் கணக்கைப் பாருங்கள். தூண்டிற்காரன் குற்றம் செய்த அன்றே, கரையிலேயே, பெயரும் முகவரியும் கேட்கப்படுகிறான். குழாய்க்காரருக்குத் தீர்ப்பு வர மூன்றாண்டும் ஐந்தாண்டும் ஆகிறது. வால்ட்டனின் நடை தொடங்கும் டாட்டன்ஹாமிலேயே, டீப்ஹாம்ஸ் கழிவுநீர் நிலையத்தின் நீரைச் சுமந்துவரும் ஓடை லீ ஆற்றோடு கலக்கிறது. பெரியவர் இன்று வந்தால் புழுவைக் கோக்குமுன் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

கடைசியாக ஒன்று, தேதியைப் பற்றி. ஜூன் 15 என்பதை மீன் அறியாது. பார்பல், சப் போன்றவை அந்த நாளைத் தாண்டியும் முட்டையிடுவதுண்டு. பைக் மார்ச் பிறக்குமுன்பே தொடங்கிவிடுவதும் உண்டு. நீர் சூடேறிவரும் காலத்தில் இந்த வேறுபாடு பெரிதாகும். 2019-இல் ஆற்றுத் தடைக்காலத்தை வைப்பதா நீக்குவதா என்று வாரியம் கருத்துக் கேட்டது. பழையபடியே இருக்கட்டும் என்று விட்டது. நீக்காதது நன்று. ஆனால் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று தலையெண்ணுவது வேறு, சினையெண்ணுவது வேறு. களையிலிருந்து மீன் பிறக்கும் என்ற கதையை ஏற்ற வால்ட்டன்கூட, எந்த மீன் எந்தத் திங்களில் முட்டையிடும் என்று மீன்வாரியாகக் குறித்துவைக்க முயன்றார். இன்றைய வாரியத்திடம் அவரிடம் இல்லாத கருவிகள் உண்டு. 1878-இல் குறித்த நாளை மாற்றுவதானாலும், மாற்றாமலே வைத்திருப்பதானாலும், ஆற்றுவாரியாக எடுத்த கணக்கைத் தூண்டிற்காரர் முன்னே வைக்கட்டும்.