பெண் முயற்சியாளரும் பயிற்சி வகுப்பும்

வறியவரின் வறுமைக்கு அவர்தம் அறியாமையே காரணம் என்னும் கொள்கை பழையது. ஆளும் வர்க்கத்துக்கு என்றும் வசதியானது. அக்கொள்கை இப்பொழுது புதுக்கோலம் பூண்டு, ‘பெண் முயற்சியாளர் பயிற்சி’ என்ற பெயரோடு நம் கிராமங்களுக்கும் வந்துள்ளது. அப்பம் சுடுபவளும், தையல் இயந்திரம் மிதிப்பவளும், பனையோலைப் பெட்டி இழைப்பவளும் வகுப்பில் அமர்த்தப்படுகின்றனர். வரவு செலவு எழுதவும், சரக்குக்கு விலை குறிக்கவும் கற்பிக்கப்படுகின்றது. இறுதியிற் சான்றிதழும் கிடைக்கின்றது. இதனை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயின் விமர்சகன் பணி எள்ளல் அன்று. விளைவு யாது என நாம் நோக்குதல் வேண்டும்.

இவ்வினாவுக்கு விடை தேடிய ஆய்வொன்று நம் நாட்டிலேயே நடைபெற்றது. சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்ஸி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகியோர் கொழும்பு, கண்டி நகர்ப்புறப் பெண்களிடையே 2009இல் தொடங்கிய அவ்வாய்வு 2014இல் வெளியாயிற்று. கற்பித்தது சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் வகுத்த பாடநெறி. ஏற்கெனவே தொழில் நடத்திவந்த பெண்களுள் ஒரு சாரார் பயிற்சி மட்டும் பெற்றனர். வேறொரு சாரார் பயிற்சியோடு 15,000 ரூபா மானியமும் பெற்றனர். முதற்சாராரின் தொழில் நடைமுறைகள் சற்றுத் திருந்தின. விற்பனையோ இலாபமோ உயரவில்லை. மானியமும் பெற்றோரின் இலாபம் முதல் எட்டு மாதங்களில் நன்கு உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் அவ்வுயர்வு மறைந்துபோயிற்று. புதிதாகத் தொழில் தொடங்கியோருக்குப் பயிற்சி பயன்பட்டதென்பதையும் கூறாது விடுதல் நேர்மையன்று.

பெண்ணின் கையிற் கொடுத்த பணம் அவள் தொழிலை ஏன் வளர்ப்பதில்லை? இதே ஆய்வாளர் 2005இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்வோர்க்கு 10,000 அல்லது 20,000 ரூபா வழங்கிப் பார்த்தனர். ஆண்களின் இலாபம் பெருகியது, பெண்களுடையது பெருகவில்லை. பெண்ணுக்கு வியாபாரம் வராது என்று முடிவுகட்ட விரும்புவோர்க்கு இதனினும் நல்ல சாட்சி வேண்டியதில்லை! ஆயின் ரோஹினி பாண்டே முதலியோர் அத்தரவுகளை மீள நோக்கி 2019இல் வெளியிட்ட கட்டுரை வேறொன்று கூறுகின்றது. வீட்டில் பெண்ணின் தொழில் மட்டுமே இருந்தவிடத்துப் பணம் நன்கு பலன் தந்தது. கணவனும் தொழில் நடத்தியவிடத்து, அவளுக்கென வந்த பணம் அவனுடைய தொழிலுக்குச் சென்றது. பணம் வீணாகவில்லை; கைமாறியது. கணக்கெழுதக் கற்பித்த வகுப்பு, பணப்பெட்டியின் திறவுகோல் யாரிடம் என்பதைக் கேட்கவேயில்லை.

அறிவுரை அனைத்தும் வீண் என்பது நம் கருத்தன்று. கென்யாவின் நைரோபி நகரில் டண்டோரா என்னும் வறியோர் குடியிருப்பில் நடந்த ஆய்வொன்று, 2018இல் வெளியானது, நம் சிந்தனைக்குரியது. அங்கு வகுப்பறைப் பயிற்சி இலாபத்தை உயர்த்தவில்லை. அதே பகுதியில் வெற்றிகரமாகத் தொழில் நடத்திய மூத்த பெண்ணொருத்தியைத் துணையாகப் பெற்றோரின் இலாபமோ சராசரி 20 வீதம் கூடியது. அவர்கள் கற்றது பெரும் தத்துவமன்று. சரக்கை எவரிடம் மலிவாக வாங்கலாம் என்பதே! அத்தொடர்பு அறுந்தபோது பலனும் தேய்ந்தது.

நம் நண்பர் சிலர் இவற்றையெல்லாம் குட்டி முதலாளித்துவச் சிந்தனை எனத் தள்ளிவிடுவர். அப்பம் விற்றுப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கும் தாயை நோக்கி இவ்வாறு கூறுவதற்கு மாதச் சம்பளம் வேண்டும். நம் கண்டனம் அவள்மீதன்று. மூலதனம் கொடாது அறிவுரை மட்டும் கொடுப்போர்மீதும், மூலதனமென்று கூறிக் கொடுவட்டிக் கடனைத் திணிப்போர்மீதுமே. அக்கடன் எங்கு கொண்டுபோய் விட்டதென்பது மறைபொருளன்று. வரட்சியுற்ற மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு இலட்சம் ரூபா வரையிலானவற்றைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசு முன்வர நேர்ந்தது. 2021இல் ஹிங்குராங்கொடையில் நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர்.

ஆசிரியராகிய நம்மிற் சிலர் இத்தகைய வகுப்புகளில் விரிவுரையாற்ற அழைக்கப்படுகின்றோம். மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் நமக்கு அளிக்கும் வேதனத்தை அவ்வூர்ச் சந்தையில் நீண்டகாலம் வியாபாரம் செய்த பெண்ணொருத்திக்கு அளித்து, அவளையே ஆசிரியையாக்குமாறு நாம் கோரலாம். மூலப்பொருளை அனைவரும் சேர்ந்து வாங்கக் கூட்டுறவுச் சங்கம் உண்டா என வினவலாம். இரண்டாண்டு கழித்து இப்பெண்களை மீண்டும் காண வருவீர்களா, அப்பொழுது இலாபம் எவர் கையில் இருக்கின்றது என்று கேட்டு எழுதுவீர்களா என்றும் அழைப்போரிடம் கேட்கலாம்.