உப்பில்லாக் கீரை

1890-ல் ரோம் நகரில் இசையமைப்பாளர் மஸ்காக்னியின் ‘கவலேரியா ருஸ்திகானா’ அரங்கேறியபோது, ஏழைகளின் அன்றாட வாழ்வை மேடையேற்றிய புது இசைநாடகம் என்று இத்தாலி கொண்டாடியது. ‘வெரிஸ்மோ’ என்று அதற்குப் பெயர். அப்படியோர் உண்மைக் காட்சி நம் திண்டிவனத்துப் பக்கம் சங்க காலத்திலேயே உண்டு.

அது இருக்கும் பாட்டு சிறுபாணாற்றுப்படை; 269 அடி. பாடியவர் நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல்தான் அவனுடைய ஊரான ‘கிடங்கில்’. பாட்டில் வரும் கடற்கரை ஊரான எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்பார்கள் அறிஞர்கள்.

அந்தக் கடற்கரையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அலை ஒதுக்கிய வாசனை மரங்கள், ஒட்டகங்கள் படுத்து உறங்குவதுபோல் கிடக்கின்றன. மீனவப் பெண் அந்த மரத்தையே விறகாக்கிக் கள் காய்ச்சுகிறாள். யாழோடு வரும் பாணனுக்குக் கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கின்றன. நாட்டில் ஒட்டகமே அரிது. எங்கிருந்து பிடித்தார் அந்த உவமையை!

ஆனாலும் என்னை உலுக்குவது பாணன் வீட்டு அடுக்களை. கண் திறக்காத குட்டிகள் பால் குடிக்க, பசித்த தாய்நாய் வலி பொறுக்காமல் குரைக்கிறது. சுவரில் கறையான், தரையில் காளான். குப்பைக் கீரையைக் கிள்ளி உப்பின்றி வேகவைத்து, பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவடைத்து, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறார்கள். அந்தக் கதவடைப்புக்கு ஈடான காட்சியை நான் எந்த நாடகத்திலும் கண்டதில்லை.

மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அங்கே ஒருமுறை இறங்கி, அந்த அடுக்களைப் பகுதியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.